ஒட்டாத சட்டி

பெரியவள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. கடையின் இரண்டாம் மாடியில் அவள் நின்ற இடத்தில் இப்போது காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடையில் போய்ப் பெரியவள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அது வீட்டுப் பேர். கடையில் அவள் முட்டைக்காரம்மா.

நான்ஸ்டிக் சட்டி செய்கிற ஒரு கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்து அந்தக் கடையில் நிறுத்தியிருந்தது. லிஃப்டை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது அவளுடைய கவுண்டர்தான். ஒரு மின்னடுப்பு, ஒரு சட்டி, ஒரு கூடை முட்டை. எண்ணெய் கிடையாது. முட்டையை உடைத்துச் சட்டியில் விடுவாள். அது வேகிறவரை வாய் ஓயாது.

"கிட்ட வாங்க சார். இன்னும் கிட்ட வாங்க, முட்டை கடிக்காது. எண்ணெய் எங்கேன்னு தேடுறீங்களா? நானும் வருஷக்கணக்கா அதத்தான் தேடிட்டிருக்கேன்."

வெந்ததும் சட்டியைக் கொஞ்சம் சாய்ப்பாள். கூப்பிட்ட குரலுக்கு வருகிற பிள்ளை மாதிரி முட்டை வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் உட்காரும். கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் "அட!" என்பார். சம்பளம் வீட்டுக்கு. அந்த "அட" அவளுக்கு. அதை அவள் யாருக்கும் பங்கு கொடுத்ததில்லை.

வீடு இரண்டு அடுக்கு. கீழே பெரியவள், அவள் வீட்டுக்காரர், ஒரே மகள். மேலே வீட்டுக்காரரின் தம்பி குடும்பம். தம்பி மனைவிதான் சின்னவள். ஓரகத்திகள் இருவருக்கும் சண்டை இருந்ததில்லை. ஒட்டுதலும் இருந்ததில்லை. பெரியவள் விற்ற சட்டி மாதிரியே ஒரு உறவு. சூடு உண்டு, ஒட்டாது.

சின்னவளுக்குக் கை நிதானம் கிடையாது. அவள் தொட்டால் தாழ்ப்பாள்கூடக் கழன்று கையோடு வரும். மேலேயிருந்து தீய்ந்த வாசனை இறங்கினால் பெரியவள் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க தம்பிக்குச் சாப்பாடு ரெடியாயிடுச்சு" என்பாள். சின்னவள் எதிரிலேயே சொல்வாள். சின்னவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்குச் சுருக்கென்று படவே படாது. பெரியவளுக்கு அதுவும் ஒரு குறை.

அந்தச் சின்னவளுக்குத்தான் அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு நாள் இஸ்திரிப்பெட்டி ஒன்று அவளுடைய புதுத் துணியில் ஓட்டை போட்டது. ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டி, ஃபோனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்துவைத்து, அழாத குறையாகப் பேசினாள். "வாங்குனப்ப எல்லாம் நல்லாத்தாங்க இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சுப் பாருங்க என் கதிய." சொந்தக்காரர்களுக்கு அனுப்பத்தான் எடுத்தாள். எங்கே எந்தப் பொத்தானை அழுத்தினாளோ, ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது. வேறென்ன கெட்டுப்போச்சு, காட்டுங்க என்று ஜனங்கள் கேட்டார்கள். அவள் வீட்டில் அதற்கா பஞ்சம்? கைப்பிடி ஆடும் குக்கர், மூடி மூடாத தண்ணீர்ப் பாட்டில், ஒரு பக்கம் மட்டும் சூடாகும் அடுப்பு. ஒவ்வொன்றாக எடுத்து அதன் காயத்தைக் காட்டினாள். "ஆறு மாசம் கழிச்சு" என்பதே அவள் சேனலுக்குப் பேராகிவிட்டது.

கடையில் காற்று மாறியதைப் பெரியவள் கவனிக்காமல் இல்லை. முன்பெல்லாம் ஜனங்கள் ஒன்றும் தெரியாமல் வருவார்கள், அவள் சொல்லித் தெரிந்துகொண்டு போவார்கள். இப்போது எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். சட்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், விலைச் சீட்டைப் படம் எடுப்பார்கள். முட்டையைச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஃபோனில் வாங்குவார்கள். கடை, தொட்டுப் பார்க்கிற இடமாகிவிட்டது. வாங்குகிற இடம் அவரவர் கட்டில்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு மதியம்.

புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கவுண்டருக்கு வந்தது. பெரியவள் முட்டையை விட்டாள், வாயை விட்டாள், சட்டியைச் சாய்த்தாள். முட்டை வந்து உட்கார்ந்தது. பையன் "அட" என்றான். பெண் மட்டும் ஃபோனை எடுத்து எதையோ தேடிச் சத்தமாக வைத்தாள். பெரியவள் காலையில் மாடிப்படியில் கேட்டுவிட்டு வந்த அதே குரல், கவுண்டருக்கு நடுவில் கேட்டது. "எல்லாருக்கும் வணக்கம்ங்க! ஆறு மாசம் கழிச்சு இந்தச் சட்டி என்ன ஆச்சுன்னு பாப்பமா?"

"பாத்தியா," என்றாள் பெண் கணவனிடம். "இந்தக்கா என்ன சொல்றாங்கன்னா, சட்டிய இப்ப பாக்கக் கூடாது, அப்புறமா பாக்கணும்."

"அந்தக்காவுக்குச் சட்டியப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று கேட்டுவிட்டாள் பெரியவள்.

"தெரியாதுங்க. அதனாலதான் நம்பறோம்," என்றாள் அந்தப் பெண், மரியாதையாக. "நீங்க தப்பா நெனைக்காதீங்க ஆன்ட்டி. உங்க சட்டி எப்பவும் புதுசுதானே?"

ஜோடி போய்விட்டது. பெரியவள் அடுத்த முட்டையை உடைத்தாள். ஓடு உள்ளே விழுந்தது. அவள் கையில் ஓடு விழுந்ததை அந்தத் தளத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அவள் வயிற்றில் ஒரு அடுப்பு எரிய ஆரம்பித்தது. சின்னவள் படியிறங்கும் சத்தம் கேட்டால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். தெருவில் யாராவது சின்னவளை நிறுத்தி "நீங்க அந்த ஆறு மாசம் அக்காதானே?" என்று கேட்டால், பெரியவள் பக்கத்துச் சுவரைப் படிப்பாள், சுவரில் ஒன்றும் எழுதியிருக்காது. ராத்திரி போர்வைக்குள் சின்னவளின் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து அவளுக்கே வியூஸ் சேர்த்துக்கொடுக்கிறோம் என்பது தெரிந்தும் பார்ப்பாள்.

மகள் இயந்திரப் பொறியியல் படித்தவள். ஃபிரிஜ் செய்யும் தொழிற்சாலையில் சோதனைக் கூடத்தில் வேலை. அங்கே ஒரு இரும்புக் கை, கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டேயிருக்கும், கீல் உடைகிறவரை. உடைந்ததும் மகள் சந்தோஷமாகக் குறித்துக்கொள்வாள். அதிகம் பேசாத பெண். ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில் அவள் வாடகைக்கு வீடு பிடித்தபோது, கம்பெனியிலேயே உயர்ந்த சட்டியாகப் பார்த்து வாங்கி, இரண்டு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள் பெரியவள்.

சமையலறையில் ஆணியில் ஏற்கெனவே ஒரு சட்டி தொங்கியது. வேறு கம்பெனி. அது வந்த அட்டைப்பெட்டி கதவோரம் கிடந்தது.

"இது ஏதுடி?"

"ஆர்டர் போட்டேன்மா. சித்தி வீடியோல பாத்தேன். விளிம்புல மட்டும் கொஞ்சம் கோட்டிங் போகுமாம். அது பரவால்லன்னு எடுத்துட்டேன்."

"ஏன்டி, உங்கம்மா பொழப்பே சட்டிதானே? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா உன் சட்டிதான் நல்லதுன்னு சொல்லுவ."

"நல்லதுதானேடி!"

"அதான்மா சொல்றேன்," என்றாள் மகள். "எங்க உடையும்னு தெரியாம நாங்க எதையும் நம்ப மாட்டோம். நீ அதச் சொல்லவே மாட்ட. சித்தி அத மட்டும்தான் சொல்றாங்க."

பெரியவளுக்கு மூக்கு உடைந்துபோயிற்று. பெற்ற பெண்ணே மாடி வீட்டுக்காரியின் வாக்கை வாங்கி ஆணியில் மாட்டிவைத்திருக்கிறாள். துண்டைப் பிரிக்காமலே சட்டியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். எதிர் இருக்கைப் பெரியவர் ஒருவர், "குழந்தையாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க, வளந்துட்டா," என்றாள்.

அடுத்த மாதம் கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்தார். பேச்சுக்குப் பேச்சு டார்கெட் என்பதால் கடைப் பெண்கள் அவருக்கு வைத்த பேரும் டார்கெட்தான். முட்டையைத் தின்றுகொண்டே சொன்னார்.

"மேடம், மேலிடத்துல கவுண்டர் எல்லாம் எடுத்துடலாம்ங்கறாங்க. இப்ப எல்லாம் வீடியோ. அந்த ஆறு மாசம் அக்கா உங்க சொந்தமாமே? நம்பர் குடுங்களேன்."

"எனக்கு ஓரகத்தி."

"அதிர்ஷ்டசாலி மேடம் நீங்க!"

பெரியவள் முட்டைக் கூடையைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து எறிந்தால் என்ன என்று தோன்றியது.

டார்கெட் திட்டத்தை விளக்கினார். சின்னவளுக்குக் கம்பெனி ஒரு சட்டி அனுப்பும். ஆறு மாதம் அவள் இஷ்டம்போல் புழங்கட்டும். பிறகு உள்ளதைச் சொல்லட்டும். அது எடுபட்டால் இனி அதுதான் வழி, கவுண்டருக்கு வேலையில்லை. எடுபடவில்லையென்றால் கவுண்டரே போதும் என்று அவரே மேலே எழுதிவிடுவார். "அதுவரைக்கும் நீங்க இருங்க மேடம். யாரு உங்களப் போகச் சொன்னா?"

"வீடியோதானே வேணும்? நான் போடறேன்," என்றாள் பெரியவள்.

டார்கெட் சிரித்தார். "போடுங்களேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஃபோனைப் பிடிக்க, பெரியவள் தன் சமையலறையில் நின்றாள். கையில் அவளுடைய சொந்தச் சட்டி. மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் கம்பெனி கொடுத்தது. சின்னவளைப் போல ஆறு மாதமா என்ன? ஏழு வருஷம்! சின்னவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்கிறாள் பார்க்கலாம்.

"என்னங்க, முட்டையப் பிடிங்கன்னா என் மூக்கப் பிடிச்சிட்டிருக்கீங்க."

"நீ ஆடாம நில்லு."

"நான் ஆடல. உங்க கைதான் ஆடுது. கட்டைவிரல எடுங்க, பாதிப் படம் விரலாத்தான் வரும்."

மூன்றாம் தடவையில் ஒருவழியாக வந்தது. ஏழு வருடச் சட்டியில் முட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. சட்டியைத் திருப்பி அடி, விளிம்பு, கைப்பிடி எல்லாம் காட்டினாள். ஒரு கீறல் கிடையாது. அவள் வளர்த்த வளர்ப்பு அப்படி. காலிச் சட்டியை ஒரு நாளும் சூடாக்கியதில்லை. ஆறாத சட்டியில் தண்ணீர் பட்டதில்லை. பருத்தித் துணியைத் தவிர எதுவும் அதைத் தொட்டதில்லை.

மகளின் தோழி ஒருத்தி பகிர, நாலைந்து ஆயிரம் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எழுதினார்கள்.

"ஏழு வருஷமா? நேத்து வாங்குன சட்டி மாதிரி இருக்கு."

"ஸ்டிக்கர் கிழிச்ச அடையாளம்கூடப் போகல."

"நடிப்பு சூப்பர். சட்டியும் நல்லா நடிக்குது."

பெரியவள் கவுண்டரில் பேசுவதுபோலவே ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள். "நல்ல கேள்வி கேட்டீங்க. கடைக்கு வாங்க, நேர்ல காட்டுறேன்." அவ்வளவுதான். "இந்தம்மா முட்டைக்காரம்மாங்க, கம்பெனி ஆளு, நான் இவங்ககிட்ட முட்டை சாப்ட்ருக்கேன்" என்று ஒருவர் எழுத, கதை முடிந்தது. தின்ற முட்டைக்காவது நன்றி வேண்டாமா?

ராத்திரி வெகுநேரம் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கம்பி நார். நாலு இழுப்பு இழுத்தால் போதும், உலகம் நம்பிவிடும். நாரைக் கையில் எடுத்தாள். சட்டியின் முகத்தைப் பார்த்தாள். கை வரவில்லை. நாரைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்தாள். அந்தக் கோபமும் சின்னவள் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

கம்பெனிச் சட்டி மாடிக்கு வந்து இரண்டு வாரம் இருக்கும். சின்னவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தாள். நடுவில் லேசாக ஒரு மங்கல்.

"அக்கா, நீங்க விக்கிற சட்டிதானே இது? என் கையில வந்தா எல்லாம் சீக்கிரம் சாகுது. பாவமா இருக்குக்கா. உங்க கம்பெனிச் சட்டிய நானே கொல்றதான்னு இருக்கு. எப்படி வச்சுக்கணும்னு சொல்லிக் குடுங்களேன்."

பெரியவள் சட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அது அவளுக்குத் தோன்றியது.

சட்டி கெட்டால் சின்னவள் கெட்டது என்பாள். உலகம் நம்பும். கம்பெனி பேர் போகும். கம்பெனி பேர் போனால் கவுண்டர் எங்கே இருக்கும்? சட்டி அரையும் குறையுமாகப் பிழைத்தால் பரவாயில்லை என்பாள். அதையும் நம்பும். சட்டி விற்கும், கவுண்டர் போகும். ஆனால் சட்டி புத்தம் புதுசாக, ஒரு கீறல் இல்லாமல், ஆறு மாதம் கழித்தும் பளபளவென்று இருந்தால்? அப்படி ஒரு சட்டியைக் காட்டினால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று பெரியவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

"வா," என்றாள். "நல்லா சொல்லித் தரேன்."

சொல்லியும் கொடுத்தாள், ஒன்றுகூட மறைக்காமல். தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் மாடியேறினாள்.

"தீயக் கொற. இன்னும் கொற. அடுப்பு எரியுதான்னு சந்தேகம் வரணும், அந்த அளவு."

"வேகவே வேகாதேக்கா."

"வேகும். முட்டைக்கு ஆபீஸ் போகணுமா? இரு. அய்யோ, இரும்புக் கரண்டியக் கீழ போடு. இது எதுக்கு? சட்டிக்கா, முதுகு சொறியவா? மரக்கரண்டி எங்க?"

"ஒடஞ்சு போச்சு."

"மரத்தையா ஒடச்ச?"

சின்னவள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்வாள். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தால் அதை உள்ளேயே மடக்கிக்கொள்வாள். கழுவுவதற்குமுன் சட்டி தானாக ஆற வேண்டும் என்பதைச் சின்னவளுக்குப் புரியவைக்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது. அவளால் எதற்கும் காத்திருக்க முடியாது. "சட்டி ஆறட்டும். நீயும் ஆறு," என்று பெரியவள் அவள் கையைப் பிடித்து உட்கார வைப்பாள். சட்டி ஆறுகிறவரை இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பெரியவளின் வயிற்றில் அடுப்பு மட்டும் ஆறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சின்னவளின் ஃபோன் டிங் டிங் என்று அடிக்கும். யாரோ பாராட்டுகிறார்கள். அந்த டிங் ஒவ்வொன்றும் பெரியவளுக்கு உள்ளே போய் விழும்.

ஆறு மாதம் ஆயிற்று. சின்னவள் வீடியோ போட்டாள். பெரியவள் கவுண்டருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. முட்டை வழுக்கியது. சின்னவளின் முகம் பூரித்திருந்தது. "இது வரைக்கும் என் கையில ஒரு சாமான் முழுசா பொழைச்சதில்லங்க. இதான் முதல் தடவ. எங்கக்கா சொல்லிக் குடுத்தாங்க!"

சாயங்காலத்துக்குள் கமெண்டுகள் வந்து விழுந்தன.

"நீங்களுமா அக்கா?"

"எவ்வளவு வாங்கினீங்கன்னு சொல்லிட்டா நாங்களும் நிம்மதியா போயிடுவோம்."

"அக்கான்னா அந்த முட்டைக்காரம்மாதானே? குடும்பமே கம்பெனியா?"

டார்கெட் ஃபோனில் கூப்பிட்டார். வீடியோ எடுபடவில்லை, கவுண்டர் இருக்கட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. "வாழ்த்துக்கள் மேடம்," என்றார். பெரியவள் நன்றி சொன்னாள். அன்று லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கினாள். கால் தரையில் படவில்லை.

வீட்டு வாசலில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பொய் சொல்றேங்கறாங்கக்கா. நான் பொய்யே சொல்லலியே."

"விடு. ஜனங்க அப்படித்தான்."

"அது போனாப் போகுது. உங்கள ஏன் பேசறாங்க? ஆறு மாசம் தினம் மாடியேறி வந்தீங்க. சொந்த அக்காகூட எனக்கு இவ்வளவு செஞ்சதில்ல." அவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெற்றி இவ்வளவு வழுவழுவென்று இருக்கும், கையில் நிற்காது என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதுமட்டுமல்ல. அந்த ஜனங்கள் பொய் என்றது சின்னவளின் வாயை அல்ல, தன் கை வேலையை என்பது படுக்கப்போகும்போதுதான் உறைத்தது. ஒரே வேலையை இரண்டு தடவை செய்து இரண்டு தடவையும் பொய்க்காரி என்று பேர் வாங்கியிருக்கிறாள்.

கவுண்டர் நிலைத்து நின்றது. கூட்டம்தான் நிற்கவில்லை. லிஃப்டிலிருந்து வருகிறவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார்கள். சின்னவளுக்குப் போன பேர் சீக்கிரமே திரும்பிவிட்டது. துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று அவள் கையில் உயிரை விட்டது. மூடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுத வீடியோவை முன்பைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். பெரியவளுக்கு மறுபடி எரிந்தது. ஆனால் காலையில் மாடியேறுவதை அவள் நிறுத்தவில்லை. ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "சட்டிக்காகப் போறேன்" என்றாள்.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படி ஏறினால், பிறகு நடந்தால், பிறகு பேசினால். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். கம்பெனி கவுண்டரை மூடியபோது அவள் கட்டிலில் இருந்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மகள் லீவு போட்டு வந்தாள். வந்த மறுநாள் காலையில் சின்னவள் கீழ்வீட்டுச் சமையலறையில் நின்று பெரியவளுக்கு முட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மகள் நிலைப்படியில் நின்று பார்த்தாள். தீ இருக்கிறதா இல்லையா என்ற அளவில் எரிந்தது. சின்னவள் காத்திருந்தாள். எதற்கும் காத்திருக்கத் தெரியாத சின்னவள். பெரியவள் செய்வதுபோலவே மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் சாய்த்தாள். பிறகு சட்டியை ஆற வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தி அப்படியே உன்ன மாதிரி போடறாங்க."

"ம். ஆறு மாசம் ஆச்சு அவளுக்கு மண்டையில ஏத்த."

"எனக்கு ஏன் சொல்லித் தரல?"

"நீ எங்க கேட்ட? படிப்பு, பரீட்ச, வேல. ஆர்டர் போட்டு வாங்கிக்கிட்ட."

மகள் முட்டையைக் கரண்டியால் பிட்டாள். ஊட்டவில்லை, பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"சித்திக்கு நீ ஏன் சொல்லிக் குடுத்தேன்னு எனக்குத் தெரியும்."

பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள். "என்ன தெரியும்?"

"கமெண்ட் எல்லாம் படிச்சேன். உன் வீடியோவுக்கு வந்தது, அவங்களுக்கு வந்தது, ரெண்டும். எங்க லேப்ல ஒரு பொருள் ஒடையவே இல்லன்னா பொருள நம்ப மாட்டோம்மா, மெஷின்லதான் கோளாறும்போம். உனக்கு அது தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் மாடியேறின."

"நான் நல்லதுதானேடி சொல்லிக் குடுத்தேன்?"

"நல்லதுதான். அதான் கேக்கறேன்." மகள் தட்டைக் கீழே வைத்தாள். "பொறாமையில சொல்லிக் குடுத்தியோ, எதுல சொல்லிக் குடுத்தியோ, எல்லாம் அங்க போயிடுச்சு. உன் கை அவங்ககிட்ட இருக்கு. நான் உன் பொண்ணு. எனக்கு முட்டை ஒட்டுது."

பெரியவள் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"என்மேல உனக்குப் பொறாமையே வரலையாம்மா? கொஞ்சம் வந்திருந்தா எனக்கும் சொல்லிக் குடுத்திருப்ப. எனக்கு எரியுதும்மா. சித்தியப் பாத்தா அப்படியே எரியுது."

கீழுதட்டைக் கடித்து, மூக்கு விடைத்து, சுவரைப் படித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பெரியவள் உற்றுப் பார்த்தாள். உள்ளேயிருந்து மட்டுமே தெரிந்த தன் முகம். வெளியே இப்படித்தான் இருக்குமா? இவ்வளவு அசிங்கமாகவா? இவ்வளவு அழகாகவா? இத்தனை வருடம் அவள் யார் யாரையோ பார்த்து எரிந்திருக்கிறாள். அவளுக்காக ஒருவர் எரிவதை இப்போதுதான் பார்க்கிறாள். அதுவும் இவள்.

சிரிப்பு வந்தது. அதை மடக்க அவளுக்கு மூச்சு போதவில்லை. சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள்.

"எரியட்டும்," என்றாள். "இன்னும் கொஞ்சம் நல்லா எரியட்டும்."

சமையலறையிலிருந்து சின்னவளின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"ஐயய்யோ, என்ன எரியுது? நான் அடுப்ப அணைச்சுட்டேனேக்கா!"